மாதம் ஒரு ஊசி, பாதி வலி: எரெனுமாப் பேனா ஊசி பற்றி என் மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத் தேடிப் படிப்பவர்களில் பலர் வலியோடுதான் படிப்பீர்கள், திரை வெளிச்சத்தை நெடுநேரம் பார்க்க முடியாது. மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலிக்கு மாதம் ஒரு முறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் எரெனுமாப் ஊசி எனக்கு வேலை செய்தது. முழுசாக இல்லை, பாதி. அந்தப் பாதி கொடுத்த காசுக்குத் தகுமா என்றால், மாதத்தில் ஏழெட்டு நாளோ அதற்கு மேலோ படுத்துக் கிடப்பவர்களுக்குத் தகும். எப்போதோ ஒரு நாள் வந்து போகிறவர்களுக்கு இது தேவையில்லை. "ஒரே ஊசியில் தலைவலிக்கு விடுதலை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "இதெல்லாம் ஏமாற்று வேலை" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நான் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். படித்தது விலங்கியல். விடியுமுன்பே உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டை பக்கமிருந்து மூட்டைகள் வந்து இறங்கிவிடும். மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி என்று தனித்தனியாக எடை போட்டு, விலை கேட்டு, சிட்டை எழுத வேண்டும். விலை நேரத்துக்கு நேரம் மாறும். முகூர்த்த நாளில் நான் ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால், இரவெல்லாம் குனிந்து மொட்டுப் பறித்த குடும்பத்தின் கூலி குறைந்துவிடும். இந்த வேலைக்குக் கண் தெளிவாகத் தெரிய வேண்டும், கூட்டல் மனசில் ஓட வேண்டும். மைக்ரேன் வந்த நாளில் இரண்டுமே போய்விடும்.

எனக்கு வலது புருவத்துக்கு மேலே தொடங்கும். அதற்கு முந்தின நாளே கொட்டாவி வந்துகொண்டிருக்கும், கழுத்து இறுகும். பிறகு வலி துடிக்கும், குமட்டும், டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும். நாள் முழுக்க நான் மூச்சில் சுமக்கிற மல்லிகை மணமே அன்றைக்கு வாந்தியைக் கொண்டுவரும். வலி இறங்கின பிறகும் ஒரு நாள் முழுக்க உடம்பில் சாரம் இருக்காது. "தலைவலிதானே, ஒரு சுக்குக் காபி குடிச்சிட்டு வாம்மா" என்று அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் உலகத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிற நரம்பு நோய் இது. பருவ வயதுக்குப் பிறகு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். சுக்குக் காபியால் இது தீராது. இதை நம் வீடுகளில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊசிக்கு வருமுன் நான் சாப்பிட்ட மாத்திரைகளைச் சொன்னால்தான் இந்த மருந்து எதில் வேறுபடுகிறது என்று புரியும். வலி வராமல் தடுக்க டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தருபவை புரோபிரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், ஃப்ளுநாரிசின். முதலாவது ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் வந்தது, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆகாது. இரண்டாவது மனச்சோர்வுக்கு வந்தது. மூன்றாவது வலிப்பு நோய்க்கு வந்தது. இவை நல்ல மருந்துகள், விலையும் குறைவு. ஆயிரக்கணக்கான பேர் இவற்றாலேயே நன்றாக இருக்கிறார்கள். அப்படி இருப்பவர்கள் ஊசியைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. எனக்கு அமிட்ரிப்டிலின் சாப்பிட்டால் விடியற்காலையில் கண் திறக்க முடியவில்லை. டோபிரமேட்டில் வலி குறைந்தது, ஆனால் விரல் நுனியெல்லாம் மரத்தது. பேசும்போது தெரிந்த சொல்லே நாக்குக்கு வராமல் நின்றது. அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுதான் அது. ஏலம் நடக்கிற இடத்தில் வாய் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கெழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

எரெனுமாப் வேறு நோயிலிருந்து கடன் வாங்கியதல்ல. மைக்ரேனைத் தடுப்பதற்கென்றே தொடக்கத்திலிருந்து உருவாக்கப்பட்டது. 2018 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த வகையில் முதல் மருந்தே இதுதான். அதன் பின்னால் இருக்கிற கதையை என் நரம்பு டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கல்லூரியில் படித்ததெல்லாம் திரும்ப வந்தது. அதை இங்கே எழுதாவிட்டால் இந்த மதிப்புரை வெறும் "எனக்குக் கேட்டது, உங்களுக்கும் கேட்கலாம்" என்று முடிந்துவிடும்.

நமது 11ஆவது குரோமோசோமின் குட்டைக் கையில் கால்கா என்று ஒரு மரபணு இருக்கிறது. தைராய்டு சுரப்பியில் உள்ள சில செல்கள் இந்த மரபணுவைப் படித்துக் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் செய்கின்றன. அதே மரபணுவை நரம்பு செல்கள் படிக்கும்போது, இடையில் வெட்டி ஒட்டும் இடம் மாறிவிடுகிறது. அதனால் 37 அமினோ அமிலங்கள் கொண்ட வேறொரு பொருள் வெளியே வருகிறது. ஒரே தோட்டத்து மல்லி மூட்டை, சரம் கட்டுகிறவரிடம் போனால் கழுத்துக்கு மாலை, சென்ட் ஃபேக்டரிக்குப் போனால் வாசனைக் களிம்பு ஆகிறதே, அதுபோலத்தான். கொடுக்கும் மரபணு ஒன்று, எடுத்துக்கொள்ளும் இடம் வேறு, கிடைக்கும் பொருளும் வேறு. அந்த இரண்டாவது பொருளுக்குப் பெயர் சி.ஜி.ஆர்.பி. 1982, 1983ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் சான் டியேகோவில் சூசன் அமாரா, ரொனால்ட் எவன்ஸ், மைக்கேல் ரோசன்ஃபெல்ட் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் மைக்ரேனைத் தேடிப் போகவில்லை. ஒரு மரபணு எப்படி இரண்டு பொருளைத் தருகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. நாற்பது வருஷம் கழித்து அந்தக் கேள்வியின் பலன் மதுரையில் என் தொடையில் ஊசியாக இறங்குகிறது. விஞ்ஞானத்துக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

இந்த சி.ஜி.ஆர்.பி. என்ன செய்கிறது? ரத்தக் குழாய்களை விரிக்கும். இதுவரை அறியப்பட்ட விரிப்பான்களில் மிக வலியவற்றில் ஒன்று. வலியை உணரும் நரம்பு நுனிகளிலிருந்து இது கசியும்போது அந்த இடம் சிவக்கும், சூடாகும், வலிச்செய்தி மேலே போவது கூடும். காரக் குழம்பு சாப்பிட்டதும் முகம் சிவந்து மூக்கு ஒழுகுகிறதே, அதிலும் இதற்குப் பங்கு உண்டு. மிளகாயில் உள்ள கேப்சைசின் நரம்பு நுனியில் இருக்கும் ஒரு வாயிலைத் திறக்க, அங்கிருந்து சி.ஜி.ஆர்.பி. வெளியேறுகிறது. அந்த வாயிலை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. முகம், பல், கண், மூளையைச் சுற்றிய உறை ஆகிய எல்லாவற்றுக்கும் வலியுணர்வு தருவது முக்கிளை நரம்பு. அதன் நுனிகளில் சி.ஜி.ஆர்.பி. நிறைய இருக்கிறது. மைக்ரேனில் குழப்பம் நடப்பது அங்கேதான்.

இதை உறுதிப்படுத்தியவர்கள் பொறுமையாக வேலை செய்தவர்கள். ஸ்வீடனில் லார்ஸ் எட்வின்சன், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பீட்டர் கோட்ஸ்பி. 1990இல் இவர்கள், மைக்ரேன் வந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சி.ஜி.ஆர்.பி. ஏறியிருந்தது. கையில் எடுத்த ரத்தத்தில் அப்படி ஏறவில்லை. கையில் ரத்தம் எடுத்து மைக்ரேனைக் கண்டுபிடிக்கலாம் என்று எந்த லேப்காரர் சொன்னாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு டென்மார்க்கில் யெஸ் ஓலெசனின் குழு, மைக்ரேன் உள்ளவர்களுக்கு அந்தப் பொருளையே ரத்தத்தில் ஏற்றிப் பார்த்து 2002இல் வெளியிட்டது. பலருக்கு மைக்ரேன் போன்ற வலியே வந்தது. 2004இல் அதே குழு, அதைத் தடுக்கும் மருந்து வலியைக் குறைக்கிறது என்று காட்டியது. வலியில் கூடுகிறது, கொடுத்தால் வலி வருகிறது, தடுத்தால் வலி போகிறது. மூன்று பக்கமும் அடைத்த பிறகு சந்தேகத்துக்கு இடம் குறைந்தது. 2021இல் எட்வின்சன், கோட்ஸ்பி, ஓலெசன், அமெரிக்காவின் மைக்கேல் மோஸ்கோவிட்ஸ் நால்வருக்கும் டென்மார்க்கின் பிரெய்ன் பிரைஸ் கிடைத்தது.

எரெனுமாப் ஓர் எதிர்ப்புரதம், அதாவது ஆன்டிபாடி. செல்லின் மேல் சி.ஜி.ஆர்.பி. வந்து உட்காரும் இடமான ஏற்பியில் இது முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதே குடும்பத்தில் ஃப்ரெமனெசுமாப், கல்கனெசுமாப், எப்டினெசுமாப் என்று இன்னும் மூன்று மருந்துகள் உண்டு. அவை ஏற்பியைத் தொடாமல் சி.ஜி.ஆர்.பி.யையே பிடித்துக்கொள்பவை. ரிமெஜெபாண்ட், அட்டோஜெபாண்ட் போன்ற மாத்திரைகளும் வந்துவிட்டன. நான் சாப்பிட்டதில்லை, அதனால் அவற்றைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

"ஊசி மூளைக்குள்ள போயி ஏதாச்சும் பண்ணிருச்சுன்னா?" என்று அம்மா ரொம்பவே பயந்தார். டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். எதிர்ப்புரதங்கள் உருவத்தில் பெரியவை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி மிகச் சொற்பமே உள்ளே போகும். இந்த மருந்து வேலை செய்யும் முக்கிளை நரம்பு முடிச்சும் மூளை உறையும் அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கின்றன. தூக்கம் வருவது, மந்தமாக இருப்பது போன்ற தொந்தரவு பழைய மாத்திரைகளில் இருப்பதுபோல இதில் பெரிதாக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். என் அனுபவமும் அதுதான். சொல் தடுமாறவில்லை, கணக்கு தடுமாறவில்லை.

இனி ஊசிக்கு வருகிறேன். உள்ளே மருந்து நிரப்பிய பேனா மாதிரி ஒரு கருவி. என் அளவு மாதம் 70 மில்லிகிராம். 140 மில்லிகிராம் கொடுப்பவர்களும் உண்டு. ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. போடுவதற்கு அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்க வேண்டும். சீக்கிரம் சூடாகட்டும் என்று வெந்நீரில் போடக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது, குலுக்கக்கூடாது. தொடையிலோ வயிற்றிலோ ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உலர்ந்த இடத்தில் அழுத்தி வைத்து, பொத்தானை அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம். பதினைந்து விநாடிவரை அப்படியே பிடிக்க வேண்டும். சின்ன ஜன்னல் மஞ்சளாக மாறினால் மருந்து முழுக்க இறங்கிவிட்டது. ஊசி கண்ணுக்கே தெரியாது. ஊசியென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் எனக்கு இது பெரிய நிம்மதி. முதல் முறை டாக்டரம்மாவின் நர்ஸ் அக்கா பக்கத்தில் நின்று போட வைத்தார். அதற்குப் பிறகு வீட்டிலேயே போட்டுக்கொள்கிறேன். இந்தக் கருவியை வடிவமைத்தவர்களை மனசாரப் பாராட்டுகிறேன். கைவிரல் வலுவில்லாத வயதானவர்களுக்கு மட்டும் அழுத்திப் பிடிக்க ஒருவர் துணை வேண்டியிருக்கும்.

கருவியைவிடக் கடைதான் எனக்குக் கவலையாக இருந்தது. முதலில் கேட்ட மருந்துக் கடையில் வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். போய்ப் பார்த்தால் மேசைமேல் சாதாரண கேரி பேக்கில் கிடந்தது. சித்திரை வெயில். எப்போது வந்தது என்று கேட்டதற்கு ஒருவர் காலையில் என்றார், இன்னொருவர் நேற்று என்றார். வாங்காமல் வந்துவிட்டேன். பிறகு அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கடை கிடைத்தது. கடைக்காரத் தம்பி ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே இருக்கிற வெப்பமானியைக் காட்டினான். தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பேக் வைத்து, அதற்கும் மருந்து அட்டைப் பெட்டிக்கும் நடுவே துணியைச் சுற்றினான். "அக்கா, ஐஸ் நேரா பட்டா மருந்து உறைஞ்சிரும், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா ஃபிரிட்ஜ் நடுத்தட்டுல வைங்க, கதவுல வைக்காதீங்க" என்றான். பில்லில் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் எழுதிக் கொடுத்தான். இப்படி ஒருவன் எல்லாக் கடையிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இது புரத மருந்து, சூட்டில் கெட்டுப்போனால் வெளியே பார்த்துத் தெரியாது. பணமும் போய், "எனக்கு இந்த ஊசி கேட்கவில்லை" என்ற தப்பான முடிவும் வந்துவிடும். வெளியே எடுத்தால் சாதாரண அறை வெப்பத்தில் 7 நாள்வரை தாங்கும் என்று மருந்துத் தாளிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அறை வெப்பம் 25 டிகிரி. சித்திரை, வைகாசியில் மதுரையில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? கரண்டு போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருப்பதுதான் நல்லது.

விலையைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மாத ஊசி என் சம்பளத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரில் இருக்கிற தம்பி பாதி அனுப்பியிருக்காவிட்டால் நான் தொடங்கியே இருக்க முடியாது. 2024இல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம், இந்த வகை மருந்துகளை எடுத்த எடுப்பிலேயே கொடுக்கலாம், பழைய மாத்திரைகள் தோற்ற பிறகுதான் தர வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டது. நமக்கோ இது கடைசியில்தான் வருகிறது. மருத்துவம் அப்படிச் சொல்வதால் அல்ல, பணம் அப்படிச் சொல்வதால். பூக் கட்டுகிற அக்காமார்களில் எனக்குத் தெரிந்து ஒற்றைத் தலைவலியோடு துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பலர். அவர்களிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லவே எனக்கு வாய் வருவதில்லை. இந்த மருந்தின் மிகப் பெரிய குறை அதன் விலைதான். அரசு மருத்துவமனைகளுக்கு இது வந்து சேர வேண்டும் என்று நான் உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

பலன் எப்படி? முதல் மாதம் பெரிய மாற்றம் தெரியவில்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு முகூர்த்த வாரம் முழுக்க நான் கடையில் இருந்தேன். முதலாளி அண்ணன் கவனித்துக் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்றாவது மாதம் டைரியைக் கூட்டிப் பார்த்தால் வலி நாள்கள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்திருந்தன. வருகிற வலியும் பழைய வேகத்தில் இல்லை. வலி வந்த பிறகு போடும் டிரிப்டான் மாத்திரை ஒன்றிலேயே அடங்குகிறது, வாந்திவரை போவது அரிது. அந்த மாத்திரையை மாதத்தில் பத்து நாளும் அதற்கு மேலும் எடுத்தால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும் என்பதால், அந்த எல்லைக்குள் வந்ததே ஒரு லாபம்.

பாதி என்றால் என்ன குறைவா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆராய்ச்சியாளர்களே பாதியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 2017இல் வெளிவந்த பெரிய சோதனையில் 955 பேர். மாதத்தில் சராசரியாக 8.3 நாள் மைக்ரேன் இருந்தவர்கள். 70 மில்லிகிராம் போட்டவர்களுக்குச் சராசரியாக 3.2 நாள் குறைந்தது, 140 போட்டவர்களுக்கு 3.7 நாள், மருந்தே இல்லாத வெறும் ஊசிக்கு 1.8 நாள். வலி நாள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் 70இல் 43.3 சதவீதம், 140இல் 50 சதவீதம், வெறும் ஊசியில் 26.6 சதவீதம். வெறும் ஊசிக்கே கால்வாசிப் பேருக்குப் பாதி குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு முதல் நான்கு தடுப்பு மருந்துகள் தோற்றவர்களை மட்டும் வைத்து நடந்த இன்னொரு சோதனையில், 140 மில்லிகிராமில் 30 சதவீதம் பேருக்கே பாதி குறைந்தது, வெறும் ஊசியில் 14 சதவீதம். ஆக, பணம் கட்டுமுன் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது, இது கேட்காமல் போகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து டைரியைப் பார்த்து முடிவெடுப்பது என்று முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்கள். டைரி இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். மனசுக்குத் தோன்றுவதை நம்பி இவ்வளவு பணம் செலவழிக்க முடியாது.

என் பாதி எனக்கு எதைக் கொடுத்தது என்று கேட்டால், நாள்களைக் கொடுத்தது. தொட்டிலில் தூங்குகிற தங்கை மகனைத் தூக்கிக் கொஞ்ச, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கூட்டத்தில் நிற்க, ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போக. இதற்கு முன் எந்த வாக்கும் கொடுக்கப் பயமாக இருக்கும்.

பக்கவிளைவு: மலச்சிக்கல். இந்த மருந்துக்கு அறியப்பட்ட ஒன்றுதான், சிலருக்குக் கடுமையாகவும் ஆகியிருக்கிறது. குடல் அசைவிலும் சி.ஜி.ஆர்.பி.க்கு வேலை உண்டு. எனக்கு முதல் இரண்டு மாதம் இருந்தது. தண்ணீர், கீரை, கொய்யா என்று சமாளித்தேன், இப்போது குறைந்திருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் ஒரு நாள் சிவப்பும் அரிப்பும் இருக்கும். ரத்த அழுத்தம் கூடலாம் என்ற எச்சரிக்கை பின்னால் சேர்க்கப்பட்டது, அதனால் மாதாமாதம் பார்த்துக்கொள்கிறேன். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் கட்டாயம் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். ரத்தக் குழாய் அடைபடும்போது சி.ஜி.ஆர்.பி. அதை விரித்து உதவும் என்று கருதப்படுகிறது. மூளை உறைக்கடியில் ரத்தக் கசிவு ஏற்பட்டு அங்குள்ள குழாய்கள் சுருங்கும் நிலையிலும் இதற்குப் பாதுகாக்கும் பங்கு உண்டு என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வலியைக் கொண்டுவருகிற அதே பொருள் உயிரைக் காக்கவும் நிற்கிறது. அதனால்தான் இதைச் சாதாரணமாக எண்ணித் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்கிறேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே 28 நாள் ஆகும். இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்குப் போய்விடாது. என் அண்ணன் மகளுக்கு இதை முக்கியமாகச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன்.

நான் நன்றாக நடமாடுவதைப் பார்த்து அம்மா ஒரு நாள் கேட்டார்: "ஏம்மா, இதே ஊசிய என் முட்டிக்கும் போடச் சொல்லேன்." நியாயமான கேள்வி. முட்டி வலியிலும் வலி நரம்புகளில் சி.ஜி.ஆர்.பி. இருக்கிறது. எலிகளில் தடுத்துப் பார்த்தபோது பல வகை வலிகள் குறைந்தன. ஆனால் மனிதர்களில் கல்கனெசுமாப்பை முட்டித் தேய்மானத்துக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை தோற்றது, வெறும் ஊசியைவிட மேலாக இல்லை. கொத்துக்கொத்தாக வரும் கண்ணோரத் தலைவலிக்கு மட்டும், அதில் விட்டுவிட்டு வரும் வகைக்கு, 2019இல் அதே கல்கனெசுமாப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலி என்றால் எல்லாம் ஒன்றல்ல. அம்மாவின் முட்டிக்குப் பிசியோதெரபிதான், தினமும் செய்கிறார்.

இன்னொரு கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. மரபணு என்கிறாயே, அப்படியென்றால் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா, பிள்ளைக்கும் வருமா? மைக்ரேன் குடும்பங்களில் ஓடுவது உண்மை, என் பாட்டிக்கும் இருந்தது. 2022இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மைக்ரேன்காரர்களின் மரபணுக்களை ஆராய்ந்து, ஆபத்தைக் கூட்டிக் குறைக்கும் 123 இடங்களைக் கண்டார்கள். அதில் கால்கா இருக்கும் பகுதியும் ஒன்று. மருந்து தாக்கும் இடமும் பரம்பரை காட்டும் இடமும் பொருந்தி வந்தது படிக்கிறவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் ஒவ்வோர் இடத்தின் பங்கும் மிகச் சிறியது. ஒரு பக்கம் கைகால் செயலிழக்கும் அரிய குடும்ப மைக்ரேனுக்கு மட்டும்தான் தனி மரபணுப் பிழைகள் பெரிய காரணம், அவையும் வேறு மரபணுக்கள். ஆகவே சாதாரண மைக்ரேனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல நரம்பு டாக்டரைப் பாருங்கள். அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகள்தான் டெஸ்ட். திடீரென்று வாழ்நாளில் இல்லாத கடுமையான வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் இழுத்துக்கொள்வது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி என்றால் ஊசி விமர்சனம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்றால், நிறுத்திப் பார்க்கப் போகிறேன். ஒன்றிலிருந்து ஒன்றரை வருஷம் போட்ட பிறகு இடைவெளி விட்டுப் பார்ப்பது ஐரோப்பிய வழிகாட்டுதலில் இருக்கும் பழக்கம். நிறுத்தினால் பலருக்கு வலி திரும்புகிறது என்பதும் தெரியும். அதனால் மார்கழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கல்யாணம் இல்லாத மாதம், பனியில் மல்லி வரத்தும் குறைவு, கடையில் என் இடத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியும். தையில் முகூர்த்தம் தொடங்குமுன் டைரியைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டுவேன். வலி நாள் பழைய கணக்குக்குப் போயிருந்தால் அண்ணா நகர்க் கடைத் தம்பியிடம் திரும்பவும் சொல்லி வைக்க வேண்டியதுதான், அவனுக்கு வரவழைக்க இரண்டு நாள் வேண்டும்.